சொல்ல நாணும் நோய்

மாந்தரை வருத்தும் பிணிகளை இருவகையாகப் பிரித்துக் கூறலாம். ஊரறியச் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்ளும் பிணிகள் ஒரு வகை. நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டு நோவு முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. கல்யாணப் பந்தலிலே இரண்டு பெரியவர்கள் அருகருகே அமர்ந்துவிட்டால், பந்தி தொடங்குமுன்னரே ஒருவருடைய சர்க்கரையின் அளவை மற்றவர் அறிந்துகொண்டுவிடுவார். மற்றொரு வகைப் பிணியோ வாய் திறந்து சொல்லப்படுவதே இல்லை. அதை உடையவள் கணவனுக்கும் சொல்வதில்லை. பெற்ற மகளுக்கும் சொல்வதில்லை. வைத்தியரின் முன் சென்று அமர்ந்தபோதும், "இடுப்பு வலிக்கிறது" என்று மட்டும் கூறி, இரண்டு குளிசைகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். முதிய பெண்களுக்கு உண்டாகும் கருப்பை இறக்கம் இந்த இரண்டாம் வகைப் பிணிகளுள் தலையாயது. "அடி தள்ளுதல்" என்று நம் மூதாட்டிகள் தமக்குள் மெல்லக் கூறிக்கொள்வது இதனைத்தான்.

குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து படிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்திலே இதைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். குடும்பத்தார் அனைவரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே நாம் இங்கு எழுதுகின்றோம். இந்த நோயினால் உயிருக்கு ஆபத்து நேர்வது அரிது. ஆனால் அந்த அரிய ஆபத்து நேரும்போது, மூதாட்டியின் அருகில் நிற்பவர் பெரும்பாலும் ஒரு மகளோ, மருமகளோ, பாடசாலை மாணவியான பேர்த்தியோதான். அவர்கள் இதை அறிந்திருப்பது நன்று.

மலையும் சுமையும்

பேராதனை என்றவுடன் பலருக்கு நினைவு வருவது 1821 ஆம் ஆண்டில் அமைந்த தாவரவியற் பூங்கா. கல்வியில் நாட்டமுடையோர்க்கு 1952 இல் இங்கு வந்து குடிகொண்ட பல்கலைக்கழகம் நினைவு வரும். எமக்கோ, 1962 இல் இங்கு தொடங்கிய மருத்துவ பீடமும், 1980 முதல் இயங்கிவரும் போதனா வைத்தியசாலையுமே முதலில் நினைவு வருகின்றன. காலை வேளைகளில் கண்டி வீதியில் நின்று பார்த்தால், கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை முதலிய மலைப்பக்கங்களிலிருந்து வரும் பஸ் வண்டிகளிலே முதிய தாய்மார் பலர் வந்து இறங்கக் காணலாம். கையிலே ஒரு துணிப்பை. அதனுள் கிளினிக் கொப்பி. சேலைத் தலைப்பிலே முடிந்த சில்லறை. இவர்களுள் எத்தனை பேர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்புகின்றனரோ!

இம்மலைகளுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு. 1867 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அன்று தொடங்கிய தேயிலைத் தொழில் பெண்களின் தலையையும் முதுகையும் இடுப்பையும் நம்பியே வளர்ந்தது. விடியற்காலையில் பிரட்டுக்களம், பின்பு செங்குத்தான மலை, நெற்றியிலே கயிறு, முதுகிலே கொழுந்துக் கூடை. பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்கு முன்பே குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலையேறிய தாய்மாரின் கதைகள் கண்டிச்சீமையில் லயந்தோறும் உண்டு. மழை பெய்து கொழுந்து நனைந்துவிட்டால் சுமை இன்னும் கனக்கும்.

ஆனால் இது தோட்டத்துப் பெண்களுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைத்தல் தவறு. கிணற்றிலே குடங்குடமாக நீரிறைத்த யாழ்ப்பாணத்துத் தாய்க்கும், மட்டக்களப்பிலே நெல் மூட்டை தூக்கிய பெண்ணுக்கும், சுமை எதுவும் தூக்காமல் நகரத்து மாடிவீட்டிலே வாழ்ந்து நாட்பட்ட மலச்சிக்கலால் முக்கி முக்கி வருந்தும் அம்மையாருக்கும் இது வரக்கூடியதே.

உறி அறுந்தால்

நம் பழைய வீடுகளின் அடுக்களையிலே உறி ஒன்று தொங்கும். அதிலே தயிர்ப்பானை, நெய்ப்பானை, ஊறுகாய்ப் பானை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருப்பார்கள். உறியின் கயிறு உறுதியாக இருக்கும்வரை பானைகள் அசையா. கயிறு நைந்தால் பானைகள் சரியும். பெண்ணின் இடுப்புக் குழியிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று இருக்கின்றது. முன்னே சிறுநீர்ப்பை, நடுவே கருப்பை, பின்னே மலக்குடல். இம்மூன்றையும் கீழேயிருந்து தாங்குவது தொட்டில் போன்ற ஒரு தசைத் தளம். மேலேயும் பக்கங்களிலும் இழுத்துப் பிடிப்பவை சில இணைநார்கள்.

பல பிரசவங்களாலும், நீண்ட நேரம் நீடித்த பேற்று வலியாலும் இத்தளம் நெகிழ்கிறது. பாரம் தூக்குதல், ஓயாத இருமல், மலச்சிக்கல், உடற்பருமன் ஆகியவை மேலிருந்து அழுத்துகின்றன. மாதவிடாய் நின்றபின் உடம்பிலே ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால், தாங்கும் திசுக்கள் மெலிகின்றன. இளமையிலே ஏற்பட்ட தளர்ச்சி முதுமையிலே வெளிப்படுவது இதனாலேதான்.

முதலில் அடிவயிறு கனப்பது போன்ற உணர்ச்சி தோன்றும். மாலையில் அது மிகும், படுத்தால் குறையும். பின்பு ஏதோ ஒன்று கீழே இறங்குவது போலத் தோன்றும். சிறுநீர் முழுவதும் கழியாமல் மீண்டும் மீண்டும் போக நேரும். நாட்செல்லச் செல்ல, கருப்பையின் வாய் வெளியே தெரியும். சிலர் அதைக் கையால் உள்ளே தள்ளிக்கொண்டு, பழந்துணியை இறுகக் கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்காக வாழ்கின்றனர்.

நாம் அறிந்த ஒரு மூதாட்டி அவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். பிற்காலத்தில் எமது அயலிலே மகள் வீட்டில் தங்கியிருந்தார். தொலைவான பயணம் என்றால் வரமாட்டார். கோயில் திருவிழாவுக்கும் போகமாட்டார். "எனக்குக் கூட்டம் ஆகாது தாயி" என்பார். தண்ணீரும் அளந்தே குடிப்பார். இவையெல்லாம் முதுமையின் பிடிவாதம் என்றே அயலார் கொண்டனர்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு இருமல் கண்டது. நான்கு நாள் இருமினார். ஐந்தாம் நாள் இரவு முதல் ஒரு சொட்டுச் சிறுநீரும் இறங்கவில்லை. மறுநாள் நண்பகலில் அடிவயிறு கல்லாகக் கனத்து, வலி பொறுக்கமாட்டாமல் அவர் அலறியபோதுதான் மகளுக்கு விஷயம் தெரிந்தது. இறங்கிய கருப்பை வீங்கி வெளியே அகப்பட்டுக்கொண்டது. உள்ளே தள்ள இயலவில்லை. அது சிறுநீர் வழியை மடக்கி அடைத்துவிட்டது. வைத்தியசாலையில் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றினார்கள். வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தபோது, இரு சிறுநீரகங்களும் நீர் தேங்கி வீங்கியிருந்தன. வெளியே இறங்கும் கருப்பை, சிறுநீரகத்திலிருந்து வரும் மெல்லிய குழாய்களையும் உடனிழுத்து மடக்கிவிடுவதால் நேர்வது இது. இன்னும் சில மாதங்கள் இப்படியே போயிருந்தால் சிறுநீரகங்கள் முற்றாகச் செயலிழந்திருக்கும் என்று வைத்தியர் கூறினார்.

"ஏன் அம்மா, இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொல்லவில்லை?" என்று அவ்வைத்தியர் கேட்டார்.

"யாருகிட்டங்கய்யா சொல்றது? மருமகன் வீட்டுல இருக்கேன். ஆம்பளைங்க காதுல விழுற பேச்சா இது? புள்ள பெத்த பொம்பளைக்கு இதெல்லாம் உள்ளதுதானேன்னு இருந்துட்டேன்" என்றார் அம்மூதாட்டி.

வீக்கம் வடிந்தபின் சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் அவர் பல ஆண்டுகள் நலமாக வாழ்ந்தார். அடுத்த ஆண்டு தேர்த் திருவிழாவுக்கு அவரே முதலில் புறப்பட்டு நின்றதை நாம் கண்ணாரக் கண்டோம்.

அரிதினும் அரிது

அம்மூதாட்டிக்கு நேர்ந்தது போன்ற ஆபத்துகள் வேறு சிலவும் உண்டு. வெளியே தங்கிய உறுப்பு ஆடையில் உராய்ந்து புண்ணாகும், இரத்தம் கசியும். வீங்கி அகப்பட்டுக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று அழுகவும் கூடும். கருப்பையைத் தாங்குவதற்காக வைத்தியர் வைத்த வளையத்தை ஆண்டுக்கணக்கில் மறந்துவிட்டால், அது சதையில் பதிந்து, சிறுநீர்ப்பையையோ மலக்குடலையோ துளைத்துவிடும்.

இவையனைத்தினும் கொடியது ஒன்று உண்டு. யோனியின் மேற்சுவர் திடீரெனக் கிழிந்து, அதன் வழியாகச் சிறுகுடல் வெளியே வந்துவிடுவதே அது. 1864 ஆம் ஆண்டிலே ஹியர்னோ என்ற வைத்தியர் இதனை முதன்முதலிற் பதிவு செய்தார். அன்றிலிருந்து உலக மருத்துவ ஏடுகளிலே வெளிவந்தவை ஏறத்தாழ நூறு என்ற அளவிலேயே எண்ணப்படுகின்றன. இது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற முதிய பெண்களுக்கே, அதிலும் முன்பு கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, பின்னர் மீண்டும் இறக்கம் கண்டவர்களுக்கே நேர்கின்றது. கருப்பையை அகற்றிய இடத்திலே தைத்த சுவர் வயதினால் மெலிந்து, குடலின் பாரத்தால் நாளும் நீண்டு, ஒரு நாள் கடும் இருமலிலோ, மலங்கழிக்க முக்கும்போதோ, பாரம் தூக்கும்போதோ அறுந்துவிடுகின்றது. உறியின் கயிறு அறுவது போலவேதான்.

அப்போது திடீரென வலி உண்டாகும். இரத்தங் கலந்த நீர் பெருகும். இளஞ்சிவப்பு நிறமான குழாய்ச் சுருள் வெளியே தெரியும். காண்பவர் அஞ்சி நடுங்குவது இயல்பே. எனினும் அந்த நேரத்திலே செய்ய வேண்டியவை சில. செய்யாதிருக்க வேண்டியவை சில.

மூதாட்டியை உடனே மல்லாந்து படுக்கச் செய்து, முழங்கால்களை மடக்கிவைக்க வேண்டும். எழுந்து நடக்க விடலாகாது. வெளிவந்த குடலைக் கையால் உள்ளே தள்ள முயலவே கூடாது. சுத்தமான துணியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்து அதன்மேல் மெல்ல மூடி, துணி உலர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள், எண்ணெய், பச்சிலை முதலியவற்றைப் பூசுதல் பெருந்தீங்கு. சத்திரசிகிச்சை வேண்டியிருக்குமாதலின், உண்ணவும் பருகவும் எதுவும் கொடுக்கலாகாது. இலங்கையில் 1990 என்னும் எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். மலைத்தோட்டத்தில் வண்டி வரத் தாமதமாகுமெனில், கிடைத்த வாகனத்தில் படுத்தபடியே கொண்டு செல்ல வேண்டும்.

இத்துணை விரைவு ஏன் என்று கேட்கலாம். வெளிவந்த குடலின் கழுத்திலே கிழிசலின் ஓரம் கயிறு போல் இறுகுகின்றது. இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்திலே குடல் கறுத்து அழுகத் தொடங்கும். நஞ்சு உடலெங்கும் பரவும். காலத்தே சேர்ந்தால், சத்திரசிகிச்சை நிபுணரும் பெண்நோயியல் நிபுணரும் ஒன்றுகூடிக் குடலைக் கழுவி உள்ளே வைத்துச் சுவரைத் தைத்துவிடுவர். பிந்திச் சேர்ந்தால், அழுகிய பகுதியை வெட்டி நீக்க நேரும். இந்நிலைக்கு ஆளானவருள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர்வரை உயிரிழந்தனர் என்பது வைத்திய நூலார் கணக்கு. எஞ்சியோர் பிழைத்தனர் என்பதை மறவாதிருப்போம்.

மாதுளையும் கத்தியும்

நிற்க. இந்நோய் நேற்று இன்று வந்ததன்று. எகிப்தியர் பாப்பிரஸ் ஏடுகளிலே இதைக் குறித்திருக்கின்றனர். நம் நாட்டு ஆயுர்வேத நூலார் பெண்களின் யோனி நோய்களை இருபதாக வகுத்துக் கூறுகின்றனர். பண்டைக் கிரேக்க வைத்தியர் மாதுளங்கனியைப் பாதியாக அறுத்து உள்ளே வைத்துக் கருப்பையைத் தாங்கச் செய்தனர். நோயாளியை ஏணியிலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் குலுக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது! கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் வைத்தியம் செய்த சொரானஸ் என்பவர் இக்கொடுமையைக் கண்டித்தார்.

1670 ஆம் ஆண்டளவிலே இங்கிலாந்தில் வில்லபி என்ற வைத்தியர் எழுதிவைத்த செய்தி ஒன்று உள்ளத்தை உலுக்குவது. ஃபெயித் ஹாவர்த் என்னும் குடியானவப் பெண் ஒருத்தி பெருஞ்சுமை ஒன்றைச் சுமந்து செல்கையில் அவளுடைய கருப்பை முற்றாக வெளியே வந்துவிட்டது. அடிக்கடி நேர்ந்த இத்துன்பத்தால் மனம் வெறுத்த அவள், அதைக் கையாற் பற்றி இழுத்து, சிறு கத்தியால் தானே அறுத்தெறிந்துவிட்டாளாம். இரத்தம் பெருகியும் அவள் சாகவில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் இரவும் பகலும் அவளையறியாமலே சிறுநீர் கசிந்துகொண்டிருந்தது. மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு தொலைதேசத்துப் பெண் சுமையோடு நடந்த வழிக்கும், நம் மலைநாட்டுப் பெண்கள் கூடையோடு இறங்கிய வழிக்கும் தூரம் மிக அதிகமில்லை.

அவளுக்குக் கத்தியைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. இன்றைய பெண்ணுக்கு வழிகள் பல. தொடக்க நிலையிலே தசைத் தளத்தை உறுதிப்படுத்தும் பயிற்சி ஒன்றே பெரும்பயன் தரும். அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கேகல் 1948 இல் இதனை வெளியிட்டார். சிறுநீரை அடக்குவதுபோல் தசைகளை உள்ளிழுத்து, சில வினாடிகள் நிறுத்தி, மெல்லத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை. நாளொன்றுக்கு மூன்று தடவை. அடுப்படியில் நின்றபடியே செய்யலாம், அருகிலிருப்பவரும் அறியார். பிள்ளை பெற்ற இளந்தாய்மார் இதைச் செய்தால் முதுமையில் நன்மையுண்டு.

நோய் சற்று முதிர்ந்தவர்க்கு வளையம் உண்டு. அதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வைத்தியரிடம் காட்டிச் சுத்தஞ் செய்துகொள்ள வேண்டும். அதற்கும் மேற்பட்ட நிலைக்குச் சத்திரசிகிச்சை. 1877 இல் லெ ஃபோர் என்ற பிரெஞ்சு வைத்தியர் மிக முதிய பெண்களுக்கேற்ற எளிய முறை ஒன்றைக் கூறினார். 1888 இல் மான்செஸ்டர் நகரத்து ஆர்ச்சிபால்ட் டொனால்ட் வேறொரு முறையை வகுத்தார். இம்முறைகள் திருத்தம் பெற்று இன்றும் கையாளப்படுகின்றன. வயிற்றைக் கிழிக்காமலே கீழ்வழியாகச் செய்யக்கூடியவை இவை. "இந்த வயதில் இனி என்ன?" என்று கூறித் தட்டிக்கழித்தற்கு இடமில்லை.

இமயத்திலிருந்து ஒரு பாடம்

மலைநாட்டுப் பெண்களின் இத்துன்பம் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றதும் உண்டு. நேபாளத்திலே விறகும் நீரும் புல்லும் சுமந்து இமயச்சரிவுகளில் ஏறியிறங்கும் பெண்களுள் மிகப் பலர் கருப்பை இறக்கத்தால் வருந்தினர். 2008 ஆம் ஆண்டிலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்நோயைக் கவனியாது விடுதல் பெண்களின் நல்வாழ்வு உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. வீட்டு மூலையிலே முனகி அடங்கிய வேதனை அங்கே நாட்டின் கேள்வியாயிற்று.

நம் நாட்டிலே நீதிமன்றம்வரை செல்ல வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் வழியாகச் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் நடைபெற்று வருகின்றன. முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்கள் அங்கே சென்று தம்மைப் பரிசோதித்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் குடும்ப நல மருத்துவமாது இருக்கிறார். பெண்ணிடம் பெண் சொல்லுவதற்கு என்ன தயக்கம்? கருப்பையை முன்பே அகற்றியவர்களும் "எமக்கு இனி ஒன்றுமில்லை" என்று இராமல், மீண்டும் இறக்கம் தோன்றினால் உடனே காட்டிக்கொள்ளுதல் கடமை.

ஆனால் சொல்லும் பொறுப்பை மூதாட்டிகளின் தலைமேல் மட்டும் ஏற்றிவிடுதல் முறையன்று. நெற்றிக் கயிற்றோடு அவர்கள் சுமந்தவை போதும். வீட்டிலுள்ள இளையோர் கேட்க வேண்டும். பாட்டி ஏன் தண்ணீர் குடிக்க அஞ்சுகிறார்? ஏன் பயணம் வர மறுக்கிறார்? ஏன் உட்காரும்போது முகஞ்சுளிக்கிறார்? ஏன் தம் துணிகளை யாரும் காணாமல் தனியே துவைத்துக் காயப்போடுகிறார்? இவற்றைக் காணும் கண் மகளுக்கும் மருமகளுக்கும் வேண்டும். தனியே அழைத்து, பக்கத்திலிருந்து, "அம்மாயி, கீழே ஏதும் இறங்குகிற மாதிரி இருக்கிறதா?" என்று ஒரு முறை மெல்லக் கேட்டால் போதும். முதல் நாள் "ஒன்றுமில்லை" என்பார். இரண்டாம் நாளும் அப்படியே கூறலாம். மூன்றாம் நாள் கண் கலங்கிச் சொல்லிவிடுவார்.

ஆண்மக்களுக்கும் ஒரு சொல். கேட்பதற்கு நாணம் தடுத்தால் கேட்க வேண்டாம். கிளினிக் நாளன்று வேலைக்கு விடுப்பு எடுத்து, தாயைப் பஸ்ஸில் ஏற்றி, பேராதனையிலோ அருகிலுள்ள வேறெந்த வைத்தியசாலையிலோ கொண்டு சேர்த்து, வாசலிலே பொறுமையோடு காத்திருங்கள். உள்ளே சொல்ல வேண்டியதை அவர் சொல்லிக்கொள்வார்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடைமை. நம் வீட்டு மூதாட்டிகள் எந்நோயும் சொல்ல அஞ்சாது வாழ்வாராக!